பாட்டி காலத்து 11 பவுன் காசு: அப்படியே கோர்ப்பதா, உருக்கிப் புது காசுமாலை போடுவதா?

திருப்பரங்குன்றம்_செல்வி:

வணக்கம். தை முகூர்த்தத்துக்குக் காசுமாலை வேண்டும். கையில் இருப்பதை எழுதுகிறேன்.

வளையம் இல்லாத பவுன் காசு 4. வருடம் 1911, 1913, 1918, 1925. சின்ன டிஜிட்டல் தராசில் ஒவ்வொன்றும் 7.97 அல்லது 7.98 கிராம் காட்டுகிறது.

மேலே வளையம் பற்றவைத்த காசு 7. ராணி தலை 1889, 1898. எட்வர்டு 1906, 1908. ஜார்ஜ் 1912, 1914, 1920. வளையத்தோடு 8.24 முதல் 8.41 வரை இருக்கிறது. 1908 மட்டும் 7.61தான்.

இவை தவிர வெள்ளி ரூபாய் 21. பெரும்பாலும் விக்டோரியா, 3 மட்டும் 1944.

கடையில் சொன்னது: "பழங்காசு கனம், கழுத்தில் நிற்காது. எல்லாத்தையும் உருக்கி மெல்லிசா லட்சுமி காசா அடிச்சுடலாம், சேதாரம் 12%." உருக்கலாமா? உருக்காமல் கோர்க்கலாம் என்றால் எப்படிக் கோர்ப்பது, எதற்கெல்லாம் கூலி கொடுப்பது? வெள்ளி ரூபாய்க்குத் தங்கமுலாம் போட்டு நடுவில் சேர்க்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது.

---

உரைகல்:

உருக்குவதை முதலில் நிறுத்துங்க அக்கா. எது என்ன காசு என்று பிரித்த பிறகு முடிவு எடுக்கலாம்.

அசல் சவரன், அதாவது பிரிட்டிஷ் பவுன் காசு, 7.988 கிராம். குறுக்களவு 22.05 மில்லிமீட்டர், கனம் 1.52. 22 காரட், அதாவது ஆயிரத்துக்கு 916.7, ஒரு காசில் சுத்தத் தங்கம் 7.32 கிராம். நாம் பேச்சில் 8 கிராமை ஒரு பவுன் என்பதே இந்தக் காசை முழு எண்ணாக்கித்தான். பிரிட்டனில் இது புழக்கத்தில் இருந்த காலத்தில் 7.938க்குக் கீழே தேய்ந்த காசைச் செல்லாது என்று திருப்பினார்கள். அதனால் வளையம் இல்லாத உங்கள் நாலும் எடையில் சரி. 1908 சரியில்லை. வளையமே 0.3 கிராம் இருக்கும், கழித்தால் காசு 7.3. கழுத்தில் கிடந்து தேய்ந்து அவ்வளவு போகாது. ஒன்று விளிம்பை அரம் போட்டு ராவியிருக்கிறார்கள், அல்லது அது பட்டறை அச்சில் அடித்த காசு. குறுக்களவை வெர்னியர் அளவுகோலில் பாருங்கள்: 22.05 இருந்து கனம் குறைந்திருந்தால் பட்டறைக் காசு. குறுக்களவே குறைந்து விளிம்பின் வரிகள் மழுங்கியிருந்தால் ராவியது.

அடுத்து 1920. குதிரை வீரன் பக்கத்தில், வருடத்துக்கு நேர் மேலே தரைக்கோட்டின் நடுவில் பொடியாக ஓர் எழுத்து இருக்கிறதா என்று 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். எழுத்து எதுவும் இல்லையென்றால் லண்டனில் அடித்தது என்று பொருள். லண்டனில் 1918 முதல் 1924 வரை சவரன் அடிக்கவே இல்லை. ஆக, எழுத்தில்லாத 1920 எந்த அரசு அச்சகத்தின் காசும் அல்ல. பி இருந்தால் பெர்த், எம் இருந்தால் மெல்பர்ன். எஸ், அதாவது சிட்னி, இருந்தால் அது மிக அபூர்வமான காசு. அபூர்வம் என்பதாலேயே போலியும் உண்டு, வாயைத் திறக்காமல் முதலில் நல்ல நாணயக்காரரிடம் காட்டுங்கள்.

1918இல் ஐ என்ற எழுத்து இருந்தால் அது பம்பாயில் அடித்தது. அந்தக் காலத்தில் அங்கே அந்த ஒரே வருடம்தான் சவரன் அடித்தார்கள். அதே ஐ எழுத்தோடு 2013 முதல் எலிசபெத் தலைக் காசு இந்தியாவில் மறுபடி வந்தது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தங்கமா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி. தராசின் மேல் பாதி தண்ணீர் ஊற்றிய கண்ணாடித் தம்ளரை வைத்து பூஜ்யமாக்குங்கள். காசைத் தையல் நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக இறக்குங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. காசில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் நூலை ஒரு சுண்டு சுண்டுங்கள். இப்போது தராசு காட்டுவது காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. காற்றில் உள்ள எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. செம்பு கலந்த 22 காரட் 17.5 பக்கம் வரும். அதாவது 7.98 கிராம் காசுக்கு 0.45 அல்லது 0.46 காட்ட வேண்டும். பித்தளை என்றால் 0.94 காட்டிவிடும். 0.01 கிராம் தராசில் ஓர் இலக்கம் தவறினாலும் அடர்த்தி 0.4 மாறும். ஆகவே மூன்று முறை செய்யுங்கள்.

நிறத்தை வைத்து மட்டும் பயப்படாதீர்கள். பழைய சிட்னி காசுகள் சிலவற்றில் செம்புக்குப் பதில் வெள்ளி கலந்ததால் வெளிர்மஞ்சளாக இருக்கும், அதுவும் அசல்தான்.

---

திருப்பரங்குன்றம்_செல்வி:

நன்றி அண்ணே. 1918இல் ஐ இருக்கிறது. 1920இல் எழுத்து எதுவும் இல்லை. தண்ணீரில் 1908க்கு 0.44, 1920க்கு 0.48 (அதன் எடை 8.31). 1908இன் குறுக்களவு 22க்கு ஒட்டி, கனம் 1.4. மற்ற ஒன்பதும் கணக்குக்குச் சரியாக வந்தன.

---

உரைகல்:

இரண்டின் அடர்த்தியும் 17.3. தங்கம்தான், அரசு அச்சகத்தில் அடித்தது அல்ல. நகைக்கென்று தனியார் அச்சில் நல்ல தங்கத்திலேயே அடித்த காசு நிறைய உண்டு, ஏமாற்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த இரண்டையும் மட்டும் மாற்று, அதாவது தங்கத்தின் சுத்தம், பார்த்துவிடுங்கள். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் பொதுமக்கள் நேராகவே கொடுத்துப் பரிசோதிக்கலாம். 4 உருப்படி வரை 200 ரூபாய், 5 அல்லது அதற்கு மேல் என்றால் உருப்படிக்கு 45, வரி தனி. மதுரையிலேயே இருக்கிறது. கடையில் உள்ள காரட் மீட்டர் எக்ஸ்ரேயில் மேல்தோலை மட்டும் படிக்கும். கனமான முலாமைத் தங்கம் என்றே சொல்லும். வளையத்தின் பற்றில் வைத்துப் படித்தால் குறைத்தும் சொல்லும். காசின் நடுவிலும் விளிம்பிலுமாக இரண்டு இடத்தில் படிக்கச் சொல்லுங்கள்.

---

கண்ணிக்கொக்கி:

வேலைப் பக்கம் நான் சொல்கிறேன்.

"கனம், நிற்காது" என்பது 11 காசும் போட்டால் ஓரளவு உண்மை. வெறும் காசே 88 கிராம், அதைத் தாங்கும் சங்கிலியும் காசைப் பிடிக்கும் சட்டமும் சேர்ந்தால் 125 கிராம் தொட்டுவிடும். பதினைந்தரைப் பவுன் கழுத்தை இழுக்கும். வளையம் உள்ள 7ஐ மட்டும் கோருங்கள், வளையம் இல்லாத 4ஐத் தொடவே வேண்டாம். 7 ஒற்றைப்படை, நடுக்காசு நடுவில் நிற்கும். அகலக் கணக்கு: 7 காசுக்கு 154 மில்லிமீட்டர், இடைவெளி 6க்குத் தலா 5 வீதம் 30, மொத்தம் 184. நெஞ்சில் அரைவட்டமாக விழச் சரியான அளவு.

இடைவெளி ஏன் முக்கியம் என்றால், விளிம்பில் வரி வரியாகப் பல் இருக்கும். இரண்டு காசு ஒட்டி நின்றால் ஒன்றை ஒன்று அரம் மாதிரி தின்னும். நடுவில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் குண்டு கோர்க்க வேண்டும். குண்டுக்குள் அரக்கு இருந்தால் அந்த எடைக்குத் தங்க விலை கொடுத்துவிடாதீர்கள்; வெற்றுக் குண்டா, அரக்குக் குண்டா என்று ஆர்டர் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

இனி வளையம். பழைய வளையத்தின் மேல்வளைவை லென்ஸில் பாருங்கள். சங்கிலி உரசும் இடத்தில் கம்பி பாதியாகத் தேய்ந்திருந்தால் மாற்றியாக வேண்டும், 8 கிராம் காசு ஆடி ஆடி அறுத்துவிடும். மாற்றும்போது புது வளையம் 1 மில்லிமீட்டருக்குக் குறையாத கம்பியில் இருக்கட்டும். பழைய பற்றிலேயே சூடு காட்டிக் கழற்றி, அதே இடத்தில் 22 காரட் பொடி (பற்றவைக்கும் உலோகக் கலவை) வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். காட்மியம் பொடி வேண்டாம். சூடு அதிகமானால் ராஜா தலையின் முடி வரிகள் உருகி மொழுக்கென்று ஆகிவிடும், திரும்ப வராது. வேலை முடிந்ததும் பட்டறையில் பஃப் போடாமல் தடுக்க வேண்டும். மெருகுச் சக்கரம் ஒரு நிமிடம் பட்டாலே எழுத்து வட்டமாகிவிடும். புளித் தண்ணீரில் கொதிக்கவைத்துக் கழுவினால் போதும்.

அதிகம் பேர் தவறுவது இங்கே: வளையத்தின் ஓட்டை முன்னும் பின்னுமாகத் திறந்திருக்கும். சங்கிலியை அதில் நேராகக் கோர்த்தால் காசு பக்கவாட்டில் திரும்பி, முகத்துக்குப் பதில் விளிம்பைக் காட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் ஓர் இணைப்பு வளையம் வேண்டும். அது இருந்தாலும் நடக்கும்போது காசு புரளும். புரளாமல் இருக்க வேண்டுமென்றால், இணைப்பு வளையத்துக்குப் பதிலாக 5 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு சிறு குழல் செய்து, அதில் சங்கிலியை விடச் சொல்லுங்கள். குழல் அகலமாக உட்காருவதால் காசு திரும்பாது. இதற்கு ஒரு காசுக்கு ஏறத்தாழ கால் கிராம் கூடும். கொடுக்கத் தகுந்த கால் கிராம்.

வளையம் இல்லாத நாலையும் எப்போதாவது போட ஆசைப்பட்டால் பற்று வைக்காதீர்கள். காசைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் சட்டம், மேலே திருகோடு, தனியாகச் செய்யலாம். ஒரு சட்டம் 1.2 கிராம் பக்கம் வரும். திருகைக் கழற்றினால் காசு காயமில்லாமல் வெளியே வந்துவிடும். உள்விட்டம் 22.1 இருக்கட்டும், 22.5 ஆக்கினால் காசு உள்ளே கடகடவென்று ஆடி, விளிம்பைத் தேய்க்கும்.

கையைவிட்டுக் காசு போகும் முன்: ஒவ்வொன்றின் இரண்டு பக்கமும் படம், வருடம், கடைத் தராசில் கிராம் மில்லியோடு எடை, இவற்றை ஆர்டர் சீட்டில் எழுதி "இதே காசு திரும்ப வர வேண்டும்" என்று குறித்து வாங்குங்கள். 1898 கொடுத்து 1908 திரும்பி வந்தால் எடை சரியாகவே இருக்கும், கேட்க நாதி இருக்காது. தை முகூர்த்தம் என்றால் கார்த்திகைக்குள் கொடுத்துவிடுங்கள், மார்கழி பிற்பாதியில் எந்தப் பத்தரும் நிதானமாகப் பற்று வைக்க மாட்டார்.

---

கணக்குநோட்டு:

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். பணக்கணக்கை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் மதுரையின் நகைக்கடைத் தெருவான தெற்கு ஆவணி மூல வீதியில் எந்தக் கடைப் படி ஏறினாலும் பேச்சு சேதாரத்தில்தான் முடியும்.

7 காசும் வளையத்தோடு 57 கிராம் சொச்சம். சங்கிலி, குண்டு, குழல் எல்லாம் புதுத் தங்கம் 28 கிராம் என்று வையுங்கள். மாலை 85 கிராம். 12% சேதாரத்தை மொத்த எடைக்குப் போட்டால் 10.2 கிராம். புதுத் தங்கத்துக்கு மட்டும் போட்டால் 3.36 கிராம். வித்தியாசம் ஏழு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு பவுனில் பெரும்பகுதி. நீங்கள் கொடுத்த காசை யாரும் உருக்கவில்லை, இழுக்கவில்லை, அடிக்கவில்லை. அதற்கு எங்கிருந்து சேதாரம்? காசுக்கு வளையம் மாற்றும் கூலி, கோர்க்கும் கூலி என்று ரூபாயில் பேசுங்கள்.

அவர்கள் சொன்னபடி 11ஐயும் உருக்கினால் 88 கிராமுக்கு 12%, பத்தரை கிராம் போய்விடும். உருக்கும்போது வளையத்துப் பற்று கலந்து மாற்று 91க்கு இறங்கியது என்று இன்னும் கொஞ்சம் கழிப்பார்கள். கைக்கு வருவது தகட்டில் ஒரு பக்கம் மட்டும் அச்சு விழுந்த, முதுகு குழிந்த காசு. அதை மறுபடி விற்றால் உருக்கு விலை.

ஜிஎஸ்டி: புது நகைக்கு 3%. உங்கள் தங்கத்தை வைத்துக் கூலிவேலை மட்டும் செய்தால் அந்தக் கூலிக்கு 5%. உங்கள் சொந்தக் காசின் மதிப்பை பில்லில் விற்பனையாகக் காட்டி அதற்கும் 3% போட்டால் ஏற்காதீர்கள்.

எச்யூஐடி, அதாவது ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகப் பொறிக்கும் அடையாள எண், பற்றியும் கேட்பீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கடையில் விற்கும் தங்க நகையில் பிஐஎஸ் முத்திரை, 22கே916, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி மூன்றும் இருக்க வேண்டும். புதிதாக வாங்கும் சங்கிலிக்கு இதைக் கேளுங்கள். கொக்கிக்குப் பக்கத்துத் தகட்டில் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் நகையின் வகையும் மாற்றும் வரும். "சங்கிலி" என்று இருக்க வேண்டிய இடத்தில் "மோதிரம்" என்று வந்தால் எண் திருடியது. முத்திரையில் சொன்ன மாற்றைவிடக் குறைந்திருந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் பரிசோதனைக் கூலியும் கடைக்காரர் தர வேண்டும் என்பது பிஐஎஸ் விதி.

ஒன்றில் மட்டும் மற்றவர்களோடு மாறுபடுகிறேன். வீட்டில் அடகு வைக்கும் தேவை வரும் என்று தெரிந்தால் வளையமில்லாத நாலையும் சும்மா வைத்திருப்பதில் சிக்கல் உண்டு. வங்கிகள் நகைக்குக் கடன் கொடுக்கும். காசு என்றால் 50 கிராம் வரைதான் ஏற்கும். பழைய சவரனைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பவும் கூடும். சட்டம் போட்டுப் பதக்கமாக்கி வைத்தால் நகை என்று வாதாடவாவது முடியும்.

---

பழங்காசு:

வாதாடலாம், மேனேஜர் கேட்பாரா என்பது வேறு. நாலையும் அப்படியே வைக்கச் சொல்லும் காரணம் இது.

காசு நகைக்கு மூன்று விலை: தங்கத்தின் விலை, வேலையின் விலை, காசின் அபூர்வத்துக்கு விலை. வளையம் வைத்த நிமிடமே மூன்றாவது விழுந்துவிடும். வளையத்தை அறுத்து எடுத்து விளிம்பை மழுக்கினாலும் நாணயக்காரர் அந்த இடத்தை விரல் நகத்தாலேயே கண்டுபிடித்துவிடுவார். உங்கள் 7 காசுக்கும் இனி தங்க விலைதான், எனவே மாலைக்குப் போவதில் நஷ்டமில்லை. பழுதில்லாத 1918 பம்பாய் காசுக்கு நம் ஊரில் சேகரிப்பவர்கள் தங்க விலைக்கு மேலே கொடுப்பார்கள். 1911, 1913, 1925 சாதாரண வருடங்கள், அவற்றில் பெரிய லாபம் எதிர்பார்க்க வேண்டாம்.

காசு நகை புதிதாக வாங்குகிறவர்கள் இதையே திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். வளையம் வைத்த சவரனை "அண்டீக்" என்று தங்க விலைக்கு மேல் விற்றால் வாங்காதீர்கள். ஓட்டை அடைத்த காசைத் தெரிந்துகொள்ள, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அடைத்த இடத்தில் தளம் மட்டும் வேறு மினுக்கில் இருக்கும், எழுத்து ஒன்று வழிந்திருக்கும். ராணி தலைக்கு 1901 வரை, எட்வர்டுக்கு 1902 முதல் 1910, ஜார்ஜுக்கு 1911 முதல்: தலையும் வருடமும் ஒத்துப்போகாத காசைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

வெள்ளி ரூபாய்க்கு முலாமா? ஐயோ வேண்டாம் அக்கா. ஒரு ரூபாய் 11.66 கிராம், சரியாக ஒரு தோலா, 917 மாற்று வெள்ளி. குறுக்களவு 30 மில்லிமீட்டருக்கு மேல். 22 மில்லிமீட்டர் பவுனுக்கு நடுவில் தாம்பாளம் மாதிரி தெரியும். முலாம் இரண்டு வருடத்தில் விளிம்பில் உரிந்து வெள்ளை காட்டும். 1944 போட்ட அந்த 3 தனி: 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் வெள்ளி பாதிதான், 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை, நிக்கல். விற்கும்போது 21ஐயும் ஒரே தராசில் போட்டு ஒரே விலை பேசினால் உங்களுக்குத்தான் நஷ்டம், 18ஐயும் 3ஐயும் பிரித்துப் போடுங்கள். தண்ணீர் சோதனை இதற்கும் செல்லும்: 917 வெள்ளி ரூபாய் 1.13 காட்ட வேண்டும்.

விக்டோரியாவில் 1862 என்று இருப்பவற்றை ஒதுக்கி வையுங்கள். அந்த வருடத்தை மாற்றாமலே பத்து வருடத்துக்கு மேல் அடித்தார்கள், பின்பக்கப் புள்ளிகளை எண்ணித்தான் பிரிப்பார்கள். அது ஒரு தனிப் படிப்பு, இந்த இழை தாங்காது. வெள்ளியை விபூதி போட்டுத் தேய்க்கும் பழக்கத்தைக் காசில் காட்டாதீர்கள். குத்துவிளக்குக்குச் சரி, காசில் ஆயிரம் கீறல் விழும். கறுத்திருந்தால் கறுத்தபடியே இருக்கட்டும். ரப்பர் பேண்டு போடக் கூடாது, கந்தகம் கறுப்பாக்கும். மலிவான பிவிசி உறையில் வைத்தால் பச்சைப் பசை படியும்.

வெளிநாடு போகிற பெண் என்றால் இன்னொன்று. 100 வருடம் ஆன காசு 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள்; தனியாள் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. உங்கள் பவுன் காசுகள் பொறித்த வருடப்படி எல்லாமே 100 தாண்டியவை, 1925 உட்பட. மாலையாகக் கோர்த்தாலும் வருடம் முகத்தில் எழுதித்தானே இருக்கிறது, விமான நிலையத்தில் கேட்டால் பதில் இருக்காது. ஊரில் லாக்கரில் விட்டுப் போகச் சொல்லுங்கள்.

கேட்காததும் ஒன்று: "1818 கிழக்கிந்தியக் கம்பெனி, ராமர் பட்டாபிஷேகம்" என்று செம்பிலும் பித்தளையிலும் ஒரு காசு திருவிழாக் கடைகளில் சுற்றும். கம்பெனி அப்படி ஒன்றை அடிக்கவே இல்லை. அரிசியை இழுக்கும் காசு என்று லட்சங்களில் பேரம் பேச ஆள் வந்தால் பக்கத்துக் காவல் நிலையத்துக்கு வழி காட்டுங்கள்.

---

திருப்பரங்குன்றம்_செல்வி:

அப்படியென்றால் 7 மாலைக்கு, 4 லாக்கருக்கு, வெள்ளி தனியாக. வெளிநாட்டுப் பேச்சு இல்லை, மாப்பிள்ளை விருதுநகர். கடைசியாக ஒன்று: எழுத்தில்லாத 1920ஐ நடுக்காசாக வைக்கலாமா? அதுதான் பளிச்சென்று இருக்கிறது.

---

கண்ணிக்கொக்கி:

வேண்டாம். நடுக்காசுதான் அதிகம் ஆடும், அதன் வளையம்தான் முதலில் தேயும், எல்லோரும் கையில் எடுத்துப் பார்ப்பதும் அதைத்தான். 1898ஐ நடுவில் வையுங்கள். 1920ஐயும் 1908ஐயும் இரண்டு ஓரத்துக்கும் ஒன்றாகப் போட்டுவிடுங்கள். 1908 அரை கிராமுக்கு மேல் குறைவு என்பதால் அந்தப் பக்கம் ஒரு குண்டு கூட்டினால் மாலை சாயாமல் நிற்கும்.